நிழல் மாறாதவர்

பங்குனி பிறந்து, உப்பு கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் விளைந்து கிடந்த நாட்களில்தான் எங்கள் வெள்ளாங்கரையில் நிழல்கள் தன்னிஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தன. மழை வந்து கெடுக்கவில்லை, லாரிகள் நேரத்துக்கு வந்தன, பெண்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு விடிந்ததும் பாத்தியில் இறங்கினார்கள். இப்படி வேலை தலைக்கு மேல் கிடந்ததால், இது ஏன் வந்தது, யார் செய்த பாவம் என்று உட்கார்ந்து ஆராய ஊரில் யாருக்கும் பொழுதில்லாமல் போயிற்று. பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றைக்கும் காரணம் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

முதலில் மாட்டிக்கொண்டது ஊர்த்தலைவர் வைகுண்டமணி. உப்பு வாங்கும் முதலாளி காரிலிருந்து இறங்கியதும், தலைவர் தோள்துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் கூப்பி, முதுகு வலிக்க வலிக்கக் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் உப்புத் தரையில் விழுந்து கிடந்த அவருடைய நிழலோ வேட்டியை மடித்துக் கட்டி, திரும்பி நின்று, முதலாளிக்குத் தன் பின்பக்கத்தைக் காட்டியது. முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம். தலைவருக்கும் அது தெரியாது. பின்னால் நின்ற நாங்கள்தான் பார்த்தோம், பார்த்துவிட்டு வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு சிரித்தோம்.

மறுநாளைக்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மனதில் வந்து, கை வரைக்கும் வந்து, செய்யாமல் அடக்கிய காரியம் எதுவோ அதை நிழல் செய்தது. மாமியார் செத்த வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுத மருமகளின் நிழல் கும்மி கொட்டியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று கும்பிட்டபோது அத்தனை நிழல்களும் கேட்டைத் தாண்டி ஓடிப்போய், பாட்டு முடிந்ததும் முனகிக்கொண்டே திரும்பி வந்தன. விருந்தாளியை "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்" என்று கையைப் பிடித்துக் கேட்டவரின் நிழல், விருந்தாளியின் பையைத் தூக்கி வாசலில் வைத்தது.

ஊர் இதை வாங்கி விழுங்கி ஏப்பம் விட்ட விதம்தான் ஆச்சரியம். கல்யாண வீட்டார் பந்தலுக்குள் நாலு பக்கமும் குழல்விளக்குகளைக் கட்டி, யாருக்கும் உருப்படியாக ஒரு நிழல் விழாதபடி பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களோ, மேகம் மூடிய நாளில் வர மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். குடைக்காரர் இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய்க் கறுப்புக் குடைகளை மூட்டை மூட்டையாக இறக்கினார். நிழலைப் பற்றி நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்று ஒரு வழக்கமும் தானாக வந்தது. ஒருவருடைய நிழல் உங்கள் நிழலின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாலும், நீங்கள் மழை எப்போது வரும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் எங்கள் ஊர் கிடக்கும் திசையைச் சொல்லியாக வேண்டும். ஊர் மேற்கே இருக்கிறது, உப்பளம் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியனைப் பார்த்து நடந்து வேலைக்குப் போகிறோம், சாயந்திரம் சூரியனைப் பார்த்து நடந்து வீடு திரும்புகிறோம், போகையிலும் வருகையிலும் நிழல் முதுகுக்குப் பின்னால்தான் விழும். முன்னால் போகிறவரின் நிழலை மிதித்துக்கொண்டு நடப்போம், நம்முடையதைப் பின்னால் வருகிறவர் மிதிப்பார். பாத்தியில் நிற்கும்போது குனிந்து பார்த்தால் சொந்த நிழல் தெரியத்தான் செய்யும், ஆனால் பார்க்கக் கூடாது என்று இருக்கிற மனிதனுக்கு வழியா கிடைக்காது? கூசுகிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். ஆக, ஊரில் ஒருவருக்கும் தன் நிழல் என்ன செய்கிறது என்று தெரியாது, மற்றவன் நிழல் செய்வதோ ஒன்று விடாமல் தெரியும்.

தவசிக்கனியின் நிழல் மட்டும் வெகுநாள் யார் கண்ணிலும் படவில்லை. அவர் அளத்துக் கங்காணி, வேலைக்கு வருகிற ஆட்களை ஓட்டிக்கொண்டு வரிசைக்குக் கடைசியில் நடப்பவர். ஒருநாள் லாரி முன்கூட்டியே வந்துவிட்டதால் அவர் எல்லோரையும் முந்திக்கொண்டு நடக்க, பின்னால் வந்த நாங்கள் பார்த்தோம்: அவர் கை வீசினால் நிழல் கை வீசியது, நின்றால் நின்றது, காறித் துப்பினால் துப்பியது. ஒரு மயிரிழை கூட மாற்றமில்லை. அவர் ஒரு கூலியாளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கையை ஓங்கினார், நிழலும் அதே அளவுக்கு ஓங்கியது. அடுத்து வந்த நாட்களில் வேலை இருந்தவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும் ஏதாவது சாக்குச் சொல்லி அவர் பின்னாலேயே திரிந்து சோதித்தார்கள்.

"உள்ளுக்குள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு இல்லாத மனுசன்ல அவரு!" என்றார் வைகுண்டமணி, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு. "நம்ம ஊருலயே இப்படி ஒருத்தரு இருந்திருக்காரு, நமக்குத் தெரியாமப் போச்சே."

அன்றைக்கே அவரை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. ஊர் வழக்குகளை இனி அவர்தான் தீர்ப்பார், நிழலைப் பார்த்துத் தீர்ப்பார், சாட்சி வேண்டாம், பேச்சும் வேண்டாம். சுவர்த் தகராறில் வந்து நின்ற அண்ணன் தம்பியில் தம்பியின் நிழல் அண்ணனின் நிழலைக் கடப்பாரையால் குத்தியதைக் கண்டு, சுவர் முழுவதும் அண்ணனுக்கே என்று சொன்னார். தம்பி பாவம், அண்ணன் மீது ஒரு நாளும் ஒரு சுடுசொல் சொன்னவன் இல்லை. சொல்லாததால்தானே நிழல் குத்தியது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நியாயம் கிடைத்துவிட்டது என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

தவசிக்கனியின் மனைவி பூரணம். அவளும் அதே அளத்தில் உப்பு வாருகிறவள். நெஞ்சளவு நீளக் கம்பில் பலகை அறைந்து, பாத்தியில் விளைந்த உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கும் வேலை அது. கூலிக்காரப் பெண்கள் வெயிலுக்காக முழுக்கைச் சட்டை போட்டார்கள், வீட்டுக்குப் போனதும் கழற்றினார்கள். பூரணம் வீட்டிலும் கழற்றுவதில்லை. ஏன் என்று அவள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டுச் சத்தம் கேட்கும் நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் கூடும், புருசன் பெண்டாட்டி சமாச்சாரம், நாளைக்கு ஒன்றாகிவிடுவார்கள் என்று யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சோற்றைப் பிசைவார்கள். அவர்களுக்கு இந்துமதி என்று ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், அவள் அந்த நேரங்களில் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாயின் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்திருப்பாள். பாக்கியத்தாய் அவளுக்கு முறுக்கு கொடுப்பாள், வேறொன்றும் செய்யத் தெரியாது.

பூரணத்தின் நிழலை முதலில் கண்டதும் பாக்கியத்தாய்தான், அடுத்த பாத்தியில் நின்றவள். கங்காணி வரப்பில் வரும்போதெல்லாம் பூரணம் குனிந்த தலை நிமிராமல் உப்பு வாரினாள். அவளுடைய நிழலோ பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, கங்காணி நிழலின் மண்டையைக் குறிவைத்து நின்றது. அவர் கடந்து போகிறவரை நின்றது. போனதும் இறக்கிக்கொண்டது. பாக்கியத்தாய் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நிழல் என்ன பெட்டிக்குள் பூட்டி வைக்கிற சாமானா? இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்தது, ஊர் பதறிப்போயிற்று.

"கொலைகாரிய வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு அந்த மனுசன் எப்படிக் கண்ணசந்து தூங்குவாரு?" என்று வைகுண்டமணி வீடுவீடாகப் போய்ப் புலம்பினார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பயந்தார். பேசிப் பேசிக் கடைசியில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: பூரணத்தை அவள் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், பெண்பிள்ளை தகப்பனிடமே இருக்கட்டும், அப்படிப்பட்ட தாயிடம் ஒரு குழந்தையை எந்த நம்பிக்கையில் விடுவது?

கேள்விப்பட்ட அன்று பூரணம் வேலைக்கு வந்தாள். பாக்கியத்தாய் அவளைப் பார்த்து அழுதாள்.

"யக்கா, ஒரு பத்து நாளைக்கு வேலைக்கு வராம வீட்டுக்குள்ளயே கெடயேன். வெயில்ல வந்தாத்தான நெழலு."

"வீட்டுக்குள்ள கெடந்தா அடிதான் கூட விழும்," என்றாள் பூரணம். பிறகு சொன்னாள்: "எம்பிள்ளைய விட்டுட்டு நான் எங்கட்டி போவேன்? அவ தலைக்கு எண்ணெ வைக்கக்கூட வீட்டுல ஆளு கெடையாது. நான் இல்லன்னா அந்தக் கை நாளைக்கு அவமேல திரும்பும்."

அவள் குனிந்து தன் நிழலைப் பார்த்தாள். ஊரிலேயே அவள் ஒருத்திதான் கறுப்புக் கண்ணாடி போடாதவள். நிழலை அவள் பார்த்த விதத்தில் பயம் இல்லை, வெட்கமும் இல்லை, வேலை முடிந்து வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கிறவள் பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு பலகையை எடுத்து உப்பு வாரினாள்.

வழக்கை அளத்திலேயே வைத்துக்கொள்ளலாம், நிழல் எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றார் தவசிக்கனி. அதற்கென்று ஒரு காலை வேலையை நிறுத்தி, உப்பு குவித்திருக்கும் மேட்டில், பனை உயரத்துக்குக் குவிந்த வெள்ளைக் குவியலுக்குக் கிழக்கே அவருடைய நாற்காலியைப் போட்டோம். அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். பூரணத்தைப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு பேருடைய நிழலும் பின்னால் உப்புக் குவியலில் திரைச்சீலையில் விழுந்த மாதிரி பெரிதாக விழுந்தது. ஊர் முழுவதும் அவர்களைப் பார்த்து உட்கார்ந்தது, அதாவது சூரியனுக்கு முதுகைக் காட்டி. அப்போதுதான், நிழல்கள் ஆட ஆரம்பித்த பிறகு முதல்தடவையாக, எங்கள் எல்லோருடைய நிழலும் எங்கள் கண்முன்னால் நீண்டு கிடந்தது. சிலர் கூச்சத்தோடு காலை மடக்கினார்கள். காலை மடக்கி என்ன செய்வது.

சொல்லி வைத்ததுபோல் பூரணத்தின் நிழல் பலகையைத் தூக்கியது. கூட்டம் 'ஓ' என்று இரைந்தது.

"பார்த்தியளா?" என்றார் வைகுண்டமணி எழுந்து. "எல்லாரும் கண்ணால பார்த்தாச்சு. இனிமே பேச என்ன இருக்கு? பூரணம், ஏதும் சொல்லணும்னா சொல்லும்மா. ஊரு ஒன்னைய வாயடைச்சதா இருக்கப்படாது." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பூரணம் திரும்பிக் குவியலைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஓங்கத்தான் செய்யுது அண்ணாச்சி. நான் இல்லன்னு சொல்லல. கல்யாணம் ஆகி வந்த வருசத்துல இருந்தே மனசுக்குள்ள ஓங்கிக்கிட்டுத்தான் இருக்கு, இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது. ஆனா எங் கையப் பாருங்க. இந்தக் கையிலயும் அதே பலகதான் தெனமும் இருக்கு, அவுகளும் தெனமும் எம் பக்கத்துலதான் வாராக. ஒரு நாளாவது எறங்கியிருக்கா?"

அவள் சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்து முழங்கைக்கு மேலே சுருட்டினாள். பழைய தழும்பும் புதிய தழும்புமாக அந்தக் கையை நான் விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தார்கள், தலை குனிந்தவர்கள் குனிந்தார்கள். குனிந்தவர்களுக்கு அங்கே தங்கள் நிழல்தான் தெரிந்தது.

"அவுக நெழலு மாறவே இல்ல, மாறவே இல்லன்னு கும்பிடுதியளே," என்றாள் பூரணம். "மனசுல என்ன வந்தாலும் அத அவுக கையே செஞ்சிருது. அடிக்கணும்னு வந்தா அடிச்சிருது, ஏசணும்னு வந்தா ஏசிருது. நெழலுக்குன்னு அவுக எதையும் மிச்சம் வைக்கல. பொறவு அதுக்கு என்ன வேல இருக்கும்? நீங்க எல்லாரும் எத்தனையோ அடக்கிக்கிட்டு வாழுதிய, அதனாலதான் உங்க நெழலு ஆடுது. அதுக்குப் போயி வெக்கப்படுதியளே!"

தம்பிக்காரன் தலையைத் தூக்கினான். அவனுடைய அண்ணன் வேறு பக்கம் பார்த்தான்.

"வாய மூடுட்டி!" தவசிக்கனி எழுந்த வேகத்தில் நாற்காலி உப்பில் சரிந்து விழுந்தது. அவர் கை உயர்ந்தது. குவியலில் அவருடைய நிழலின் கையும் உயர்ந்தது, அதே அளவு, அதே வேகம்.

அப்போது எங்கள் நிழல்கள் எழுந்து ஓடின. முதலில் ஓடியது வைகுண்டமணியின் நிழல், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் வழுக்கிக்கொண்டு, குவியலில் ஏறி, தவசிக்கனி நிழலின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தது. அதன் பின்னால் பாக்கியத்தாயின் நிழல், தம்பிக்காரனின் நிழல், டிவி சத்தத்தைக் கூட்டிவைத்த வீட்டுக்காரர்களின் நிழல்கள், கிழவர்களின் நிழல்கள், நேற்றுவரை அவளைத் துரத்த வேண்டும் என்று சொன்னவர்களின் நிழல்கள், என் நிழல், எல்லாம் மேலே மேலே விழுந்து அந்தக் கையைப் பற்றிக்கொண்டன. உப்புக் குவியல் பாதிக்கு மேல் கறுத்துப்போயிற்று. எத்தனை வருசமாக, எத்தனை சாயந்திரங்களில் இவையெல்லாம் அந்த வீட்டுக் கதவைத் தட்ட நினைத்து எங்களுக்குள்ளேயே கிடந்திருக்கின்றனவோ! நிழலின் கை இறங்கவில்லை. இறங்க முடியவில்லை.

நாங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே அடி விழுந்தது. குவியலில் விழாத அடி பூரணத்தின் கன்னத்தில் விழுந்தது, சத்தம் வரப்பு தாண்டிக் கேட்டது. எங்கோ பின்வரிசையில் இந்துமதி "அம்மா" என்றாள்.

பூரணம் கன்னத்தைத் துடைக்கவில்லை. உப்புக் குவியலில் மொய்த்துக் கிடந்த நிழல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒவ்வொன்றும் யாருடையது என்று அடையாளம் கண்டுகொள்கிறவளாகப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நெழலெல்லாம் வந்துட்டு. நீங்க எப்ப வாரிய?"

தவசிக்கனியின் கை இரண்டாவது முறை உயர்ந்தது. பாக்கியத்தாய் எழுந்தாள். உப்பு நொறுங்க நொறுங்க அவள் நடந்து போவதைத்தான் முதலில் கேட்டேன், பிறகு என் காலடியிலும் உப்பு நொறுங்கியது, சுற்றிலும் நொறுங்கியது. மெதுவாகத்தான் போனோம், வெட்கக்கேடாக மெதுவாக. ஆனால் கை இறங்குவதற்குள் பாக்கியத்தாய் அதைப் பிடித்திருந்தாள், தம்பிக்காரன் பிடித்திருந்தான், அதற்கு மேல் இன்னும் பல கைகள். தன் கை தான் நினைத்தபடி இறங்காதது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை போலிருக்கிறது. தவசிக்கனி அதை ஏதோ நோய் வந்துவிட்ட கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். அன்று மத்தியானமே தன் அக்கா ஊருக்கு பஸ் ஏறினார். பூரணம் தன் வீட்டிலேயே, தன் மகளோடு இருக்கிறாள். போன வாரம் அரைக்கைச் சட்டை போட்டு வேலைக்கு வந்தாள்.

எல்லோரும் எழுந்து போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போனவர்களின் நிழல் அவரவர் காலடிக்கு வந்து சேர்ந்தது, இப்போதும் அடங்காமல் ஏதேதோ செய்கிறது, நாங்களும் அவ்வப்போது கண்ணாடியைக் கழற்றி அதைக் கவனிக்கிறோம். உட்கார்ந்தே இருந்தவர்களின் நிழல்கள் திரும்பவில்லை. அந்தக் குவியலை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அவை அங்கேயே மேட்டுத் தரையில் கிடக்கின்றன, அங்கே இல்லாத ஒரு கையைப் பிடித்துக்கொண்டு. உப்பு சுமக்கிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

வைகுண்டமணி அவ்வப்போது வருவார். மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, கோழியைக் கூப்பிடுவது மாதிரி குரலைத் தணித்துத் தன் நிழலைக் கூப்பிடுவார். அது திரும்பிப் பார்க்காது. ஒரு சாயந்திரம் அப்படித்தான் நின்றார், பாத்தியில் இருந்த பூரணம் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கூப்பிட்டா வராது அண்ணாச்சி. நீங்க நாலெட்டு நடந்து அதுமேல போயி நில்லுங்க. வந்துரும்."

அவர் மேட்டைப் பார்த்தார். நடுவில் இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தார். கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்கு வாரேம்மா," என்றார். "இன்னைக்குக் கொஞ்சம் சோலி கெடக்கு."

சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து நடந்தார். சாயங்கால வெயில் அவர் முகத்தில் அடித்தது, அவருக்குப் பின்னால் தரை வெள்ளையாகவே கிடந்தது.